பண்ணை பார்க்க வந்தவர்கள்

1878 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ரதர்ஃபோர்டு ஹேஸ் டகோட்டா சமவெளிக்கு ரயிலேறிப் போய் ஒரு கோதுமைப் பண்ணையைப் பார்த்தார். காசெல்டன் என்ற ஊருக்கு அருகே ஆலிவர் டால்ரிம்பிள் நடத்திவந்த அந்தப் பண்ணை, ஆயிரக்கணக்கான ஏக்கரில் வரப்பே இல்லாமல் விரிந்து கிடந்தது. அதே 1878-இல்தான் லூயிஸ் மூர் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு அச்சாகி வெளிவந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த சென்னை மாகாணம் அப்போது மெல்ல எழுந்துகொண்டிருந்தது. உலகத்தின் கண் மட்டும் டகோட்டாவின் மேல் இருந்தது. விவசாயத்தின் எதிர்காலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் தீர்ப்பு. முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தப் பண்ணை துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது. யாரும் ரயில் விட்டு ஆள் அழைத்து வராத, காவிரியின் முக்கொம்பிலும் கல்லணையிலும் தண்ணீர் இன்றும் பிரிந்து வயலுக்குப் போகிறது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. வேளாண் சுற்றுலா என்ற பேச்சு தமிழகத்தில் பெருகிவருகிறது. பொங்கல் வந்தால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வேட்டி சேலை கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, ஊர் எல்லையில் குலவையிட்டு வரவேற்பதைப் பல மாவட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் செய்கின்றன. திருச்சியைப் போல இரண்டு ஆறு, ஒரு தீவு, வாழை, நெல், பூ எல்லாம் அரை மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும் ஊர் இந்தப் பேச்சிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் வேண்டாம். வயலுக்கு வெளியாள் வருவது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால், வருகிறவரை அழைத்து வந்தது யார், திரும்பிப் போய் அவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் பொறுத்தே அவர் கண்ணில் படுவதும் படாமல் போவதும் அமைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பண்ணை பார்க்கவும் வாய்க்கால் பார்க்கவும் கிளம்பியவர்களின் வரலாறு இதற்குப் போதுமான சாட்சி.

டால்ரிம்பிளின் பண்ணை ஒரு விவசாயியின் கனவில் பிறந்ததல்ல. ஒரு ரயில் கம்பெனியின் கடனில் பிறந்தது. நார்தர்ன் பசிபிக் ரயில்வேக்கு அமெரிக்க அரசு 1864-இல் பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் கணக்கில் நிலத்தை மானியமாக எழுதிக் கொடுத்தது. அந்த நிலம் அரசுடையது என்று சொல்லப்பட்டதற்கு முன்னால் அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள் என்பதை அன்றைய விருந்தாளிகளில் அதிகம் பேர் எழுதவில்லை. கம்பெனிக்குப் பணம் திரட்டிக் கொடுத்த ஜே குக்கின் வங்கி 1873-இல் திவாலானது. கம்பெனிப் பத்திரங்கள் காகித விலைக்கு இறங்கின. பத்திரம் வைத்திருந்தவர்கள் அதைக் கொடுத்துவிட்டு நிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று வழி சொல்லப்பட்டது. கம்பெனியின் தலைவரான ஜார்ஜ் காஸும் இயக்குநர் பெஞ்சமின் சேனியும் அப்படி நிலம் வாங்கி, 1875-இல் டால்ரிம்பிளைப் பிடித்து உழச் சொன்னார்கள். மறு ஆண்டே அறுவடை. அந்த நிலத்தில் கோதுமை விளையும் என்பதைவிட, விளைகிறது என்று நாலு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே கம்பெனியின் அவசரம். மீதிக் கிடக்கும் லட்சக்கணக்கான ஏக்கரை விற்க வேண்டுமே! எனவே ரயில் கம்பெனிக்காகப் படம் எடுத்துவந்த ஜே ஹெய்ன்ஸ் பண்ணைக்குப் போய்ப் படம் எடுத்தார். 1883-இல் பாதை முழுதாக முடிந்தபோது, கம்பெனித் தலைவர் ஹென்றி வில்லார்டு பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிரமுகர்களை வரவழைத்து, தனி ரயில்களில் கம்பெனிச் செலவிலேயே அந்தப் பாதை நெடுகக் கூட்டிப்போனார்.

ஒரே பண்ணையை இரண்டு பேர் எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு 1880-ஆம் ஆண்டின் இரண்டு மாத இதழ்கள் போதும். மார்ச் மாத ஹார்ப்பர்ஸ் இதழில் டகோட்டாவின் கோதுமை வயல்களைப் பற்றி எழுதியவர் சார்லஸ் கார்ல்டன் காஃபின். உள்நாட்டுப் போரின்போது களத்திலிருந்து செய்தி அனுப்பிப் புகழ் பெற்றவர். பண்ணையின் அளவிலும் இயந்திர வரிசையிலும் அவர் மயங்கிப் போனார் என்பது கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும். இவரே பத்தாண்டுக்கு முன், இதே ரயில் கம்பெனியின் பாதை ஆய்வுக் குழுவோடு போய்வந்து, அந்த வடமேற்கு நிலம்தான் நாளைய பேரரசின் இருப்பிடம் என்று ஒரு புத்தகமே எழுதியவர். அதே 1880 ஜனவரியில் அட்லாண்டிக் இதழ் வெளியிட்ட இன்னொரு கட்டுரையும் இந்தப் பெரும்பண்ணைகளைப் பற்றியதுதான். அதை எழுதியவர் கேட்டது வேறு கேள்வி: இங்கே குடியிருப்பது யார்? குடும்பம் இல்லை, குழந்தைகள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கொட்டகையில் தங்கிய கூலியாட்கள் அறுவடை முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டார்கள். பனிக்காலத்தில் மாட்டையும் குதிரையையும் பார்த்துக்கொள்ள ஒரு சிலர் மட்டும். இரு கட்டுரைகளுக்கும் இடையே வித்தியாசம் எழுத்துத் திறமையில் இல்லை. காஃபின் விளைச்சலைக் கணக்கிட்டார். மற்றவர் விளைவித்தவர்களைத் தேடினார். பின்னால் நடந்தது இரண்டாமவர் பக்கம் நின்றது. கோதுமை விலை சரிந்தது, வரி ஏறியது, ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப விதைத்த மண் சோர்ந்தது. நிலத்தை வைத்திருப்பதைவிட விற்பதே லாபம் என்றானதும், ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய சிறு குடும்பங்கள் அதைக் கூறு போட்டு வாங்கின. 1908-இல் டால்ரிம்பிள் இறந்தபோது பெரும்பண்ணைகளின் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

பயணம் போகிறவர் தன் எஜமானுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பஞ்சத்தைப் பார்வையிடச் சென்னை மாகாணத்துக்கு ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். சில ஆண்டுகளுக்கு முன்பு வங்காளத்திலும் பீகாரிலும் பஞ்சம் வந்தபோது இவர் தாராளமாகச் செலவழித்து உயிர்களைக் காப்பாற்றினார். அதற்காக வசவும் வாங்கினார். இம்முறை சிக்கனக்காரர் என்று பெயர் எடுக்க வேண்டிய நிர்ப்பந்தம். மாகாணத்தை வேகமாகச் சுற்றி வந்து, நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அந்த அளவு உடம்பைத் தாங்காது என்று ஆதாரத்தோடு எதிர்த்தார். முகாம்களில் நடந்த சாவு அவர் சொன்னதை மெய்ப்பித்தது. கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. டெம்பிள் முகாம்களைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நேரில் போனார், கண்ணால் கண்டார். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் கல்கத்தாவில் இருந்தது. பசித்தவர் எவரிடமும் அவர் பதில் சொல்லத் தேவையில்லை. 'நேரில் பார்த்தேன்' என்ற சொல்லுக்கு நம்மூரில் இன்றும் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து.

டகோட்டாவைப் போன்ற காட்சிப் பண்ணை நம்மிடமும் ஒன்று இருந்தது. ஆளுநர் வில்லியம் டெனிசன் 1860-களில் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம், தூற்றும் இயந்திரம் எல்லாம் வரவழைத்துச் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை அமைத்தார். உழவர்கள் வந்து பார்ப்பார்கள், வாயைப் பிளப்பார்கள், ஊருக்குப் போய் அப்படியே செய்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. இரண்டு ஏக்கரும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்தவர் நீராவிக் கலப்பையைப் பார்த்துவிட்டு என்ன செய்வார்? பார்த்தார், போய்விட்டார். அந்த இடத்தில் நிலைத்தது பள்ளிக்கூடம்தான். வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்குப் போய், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கும் மரபின் வேர் அது. இயந்திரக் காட்சி மறைந்து, சொல்லிக் கொடுத்தவர்களின் வேலை மிஞ்சியது.

இனி காவிரிக்கு வருவோம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுவதால் தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தால் காவிரி வறண்டு தஞ்சை காயும். இரண்டும் மறுபடி நெருங்கும் இடத்தில் இந்தச் சாய்வைத் தடுத்து நிற்பதுதான் கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை. 1804-இல் கேப்டன் கால்டுவெல் இந்த அணையை ஆராய வந்தார். அவருக்குப் பின் ஆர்தர் காட்டன் வந்தார். ஆழம் காண முடியாத ஆற்று மணலில் இவ்வளவு கல் எப்படி நிற்கிறது என்பதுதான் காட்டனை உறுத்திய கேள்வி. பாறை வரை தோண்டி அடித்தளம் போட வேண்டும் என்பது அவர் படித்த படிப்பு. இங்கே கல்லை மணலிலேயே இறக்கி, அது அமிழ அமிழ மேலே கல்லைப் போட்டு, இனி அமிழாது என்ற நிலையில் களிமண் சாந்து வைத்து இறுக்கியிருந்தார்கள். மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய கட்டுநர்களிடமிருந்தே கற்றோம் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். அந்தப் பாடத்தோடு 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பிறகு அதையே கோதாவரிக்குக் கொண்டுபோய், தவளேஸ்வரத்தில் 1847-க்கும் 1852-க்கும் இடையே பெரிய அணை எழுப்பினார்.

இந்த வரிசை அதோடு நிற்கவில்லை. வங்காளத்துப் பொறியாளர் பேர்டு ஸ்மித், காவிரி, கிருஷ்ணா, கோதாவரிப் பாசனங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை 1856-இல் வெளியானது. டால்ரிம்பிள் ஒப்பந்தம் போட்ட அதே 1875-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் டேவிட்சன் இந்தியா, எகிப்து, இத்தாலி நாடுகளின் பாசனம் குறித்துத் தம் நாட்டு செனட்டுக்கு அறிக்கை கொடுத்தார். பின்னால் அமெரிக்க நிலவியல் துறையைச் சேர்ந்த ஹெர்பர்ட் வில்சன் இந்தியப் பாசனத்தைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆல்பிரட் டீக்கின் முதலில் 1885-இல் அமெரிக்காவுக்குப் போனார். போதவில்லை என்று 1890-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1893-இல் அவர் வெளியிட்ட நூல் இந்தியாவையும் இலங்கையையும் பற்றியது. பிறகு அவர் அந்த நாட்டின் பிரதமரும் ஆனார். உலகம் கோதுமைப் பண்ணையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், வறண்ட நிலத்துக்கு எப்படித் தண்ணீர் கொண்டுபோவது என்ற கவலை உள்ளவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். விடை தெரியாமல் வந்தவர்கள், விடையோடு ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். காட்டனையும் ஸ்மித்தையும் அனுப்பியது யார்? கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிதானே? பாசனம் பெருகினால் நிலவரி பெருகும் என்பதுதானே கணக்கு? ரயில் கம்பெனி அழைத்து வந்த பத்திரிகையாளருக்கும் வரி வாங்கும் கம்பெனி அனுப்பிய பொறியாளருக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வி நியாயமானது. காட்டன் தொண்டு செய்ய வரவில்லை. அவர் கட்டிய மேலணையும் குறையில்லாததல்ல. அதனால் காவிரிக்குத் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. 1845-இல் காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்பு போட வேண்டியிருந்தது. ஆனாலும் வித்தியாசம் உண்டு. நிலத்தை விற்றுவிட்டுப் போகிறவருக்கு, பார்க்க வந்தவர் ஒரு நாள் வியந்தால் போதும். வரி வாங்குகிறவருக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பயிர் விளைய வேண்டும். தப்பாகப் பார்த்துவிட்டுப் போனால் அணை உடையும், காட்டனின் பெயரும் உடையும். அவர் நோக்கம் சுயநலமே ஆனாலும், உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயம் அதற்குள்ளேயே இருந்தது. வருகிறவர் மனம் எவ்வளவு தூய்மையானது என்று அளப்பது நம் வேலையல்ல. தப்பாகப் பார்த்தால் அவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா என்று கேட்டால் போதும்.

ஜான் வோல்க்கர் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்து ராயல் வேளாண் சங்கத்தின் வேதியியல் ஆலோசகரான இவரை, இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி சொல்லுமாறு அரசு அழைத்தது. 1889 டிசம்பரில் வந்திறங்கி ஓராண்டுக்கு மேல் சுற்றினார். சென்னை மாகாணத்துக்கும் வந்தார். மழைக்காலம், வெயில்காலம் இரண்டையும் பார்த்துவிட்டே எழுத உட்கார்ந்தார். 1893-இல் வெளியான அறிக்கை, வரவழைத்தவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. இந்திய உழவன் பழமைவாதி, பின்தங்கியவன் என்ற பேச்சு தவறு. நன்றாகச் செய்யும் இடங்களில் அவன் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்கு எந்த விதத்திலும் குறைந்தவனல்ல, சிலவற்றில் மேல் என்றார். குறை இருப்பது அறிவில் அல்ல, தண்ணீரிலும் எருவிலும் என்றார். எரிக்க விறகில்லாததால்தான் சாணம் வயலுக்குப் போகாமல் அடுப்புக்குப் போகிறது என்று அவர் கண்டது, வீட்டு அடுப்பு வரை போய்ப் பார்த்தவருக்கே தெரியக்கூடிய செய்தி. ஒரு நாள் ரயில் பயணத்தில் அது சிக்காது.

பெரும்பண்ணைகளை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. டகோட்டாக் கோதுமைதானே ஐரோப்பாவின் ஏழைக்கு ரொட்டியை மலிவாக்கியது? அங்கே சோதித்த இயந்திரங்கள்தானே இன்று நம் டெல்டாவில் சம்பா அறுக்கும் இயந்திரங்களின் முன்னோடிகள்? இரண்டும் ஓரளவு உண்மை. ஆள் கிடைக்காத நிலத்தில் ஓர் ஆள் எவ்வளவு விளைவிக்க முடியும் என்பதை அந்தப் பண்ணைகள் காட்டின. அதைக் கற்றவர்கள் லாபம் அடைந்தார்கள். ஆனால் விருந்தாளிகள் ஊருக்குக் கொண்டுபோனது அந்தப் பாடத்தை அல்ல. யார் போய் விதைத்தாலும் பொன் விளையும் என்ற நம்பிக்கையை. அதை நம்பிக் கையில் காசில்லாமல் குடியேறி, அதே ஒற்றைப் பயிரை விதைத்து, விலை விழுந்தபோது கடனில் மூழ்கியவர்கள் பலர். பண்ணையைக் குறை சொல்வதைவிட, பண்ணையைக் காட்டிய விதத்தைக் குறை சொல்வதே சரி.

இன்றைய திருச்சிக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்துகிறது? இந்த ஊருக்கு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமிருக்காது. விடுமுறை நாட்களில் முக்கொம்புப் பூங்காவிலும் கல்லணையிலும் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். அங்கெல்லாம் போகிற வழி முழுக்க வாழைத்தோட்டம். பூவன் ஒரு பக்கம், நேந்திரன் ஒரு பக்கம். கன்று நட்டதிலிருந்து தார் வெட்டுவது வரை ஏறக்குறைய ஓராண்டு. இடையில் மண் அணைப்பு, பக்கக் கன்று கழிப்பு, தார் தள்ளியதும் சாயாமல் இருக்கச் சவுக்குக் கம்பு நட்டு முட்டுக் கொடுப்பது. கம்பு விலையையும் கூலியையும் கூட்டிப் பார்த்தால்தான், சித்திரை வைகாசியில் ஒரு மாலை சுழன்றடிக்கும் காற்றைக் கண்டு தோட்டக்காரர் ஏன் அப்படிப் பயப்படுகிறார் என்பது விளங்கும். எட்டரை, கோப்பு கிராமங்களில் விடியும் முன்னே மல்லிகை பறித்தாக வேண்டும். மொட்டு மலர்ந்துவிட்டால் விலை போய்விடும். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் காலையில் ஏலம் போவது அந்தப் பூதான். பெருமாளைச் சேவிக்க வருகிறவர் தோளில் விழும் மாலை எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரியாமலே திரும்புகிறார். தாயனூர் பக்கம் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியும் இருக்கிற ஊர் இது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

முக்கொம்பையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் காலத்து அணை உடைந்தது என்று நாடே பேசியது. வெள்ளத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது, படம் எடுத்தது, கலைந்தது. இன்று அங்கே புதிய கதவணை நிற்கிறது. எந்த ஷட்டரை எத்தனை அடி தூக்கினால் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய லஸ்கர்கள் என்ற பாசனப் பணியாளர்கள் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டவாய்த்தலையில் நல்ல தண்ணீராகக் கிளம்பி, மாநகருக்குள் சாக்கடையைச் சுமந்து, மறுபடி வயலுக்கே போய்ச் சேர்கிறது. இதை வெளியூர்க்காரருக்குக் காட்டக் கூச்சப்படுகிறோம். காட்ட வேண்டியது இதைத்தான். குறையை மறைத்து நெல் வயலில் செல்ஃபி எடுக்க மேடை போடுவது, டகோட்டாவில் ஹெய்ன்ஸ் எடுத்த படத்தின் இன்றைய பதிப்பு.

'விவசாயியின் வயிற்றில் அடிக்காதீர்கள். ஒரு கூட்டம் வந்து சேற்றில் இறங்கி விளையாடி ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? பாடம் கேட்க எவன் காசு கொடுப்பான்?' என்று கேட்கலாம். கேட்கிறார்கள். விளையாட வருகிறவரைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் யார் பைக்குப் போகிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. அந்த அளவு நிலத்தில் விருந்தினர் இல்லமும் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் கட்ட முடியாது. கட்டக்கூடியவர் வேறு தொழிலில் பணம் சேர்த்து நிலம் வாங்கியவர். அவர் நடத்துவது விடுதி. வயல் அதற்குப் பின்னணித் திரை. நகரத்துக் குழந்தை அங்கே நடவு நட்டுவிட்டு வீடு திரும்பும்போது விவசாயம் ஒரு சுகமான பொழுதுபோக்கு என்ற எண்ணத்தோடு திரும்பும். டகோட்டாவிலிருந்து திரும்பியவர்களின் மயக்கத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

பாடத்துக்குக் காசு கொடுக்க ஆள் வருவார்களா என்ற சந்தேகத்துக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணைக்கு இளைஞர்கள் தங்கிப் பயில வருகிறார்கள்; வெயிலில் வேலை செய்கிறார்கள். இன்னும் நல்ல முன்மாதிரி திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா. வந்த விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. வந்து பார்த்துவிட்டுப் போனவர் கையில் ஒரு கடன் ஏறியது. அதைத் தீர்க்க அவர் விதைத்தே ஆக வேண்டும், விளைவித்தே ஆக வேண்டும். தப்பாகக் கேட்டுக்கொண்டு போனால் நான்கு கிலோ திரும்பாது. பார்க்க வருகிறவரைப் பொறுப்பாளி ஆக்கும் வழி இதைவிட எளிமையாக எனக்குத் தெரியவில்லை. எல்லோரையும் விதைக்கச் சொல்ல முடியாதுதான். பள்ளி மாணவர்களை ஒரே வயலுக்கு நடவுக்கு ஒரு முறை, களையெடுப்புக்கு ஒரு முறை, அறுவடைக்கு ஒரு முறை அழைத்துப் போய், வரவு செலவுக் கணக்கை எழுதி வாங்கலாம். வோல்க்கர் இரண்டு பருவத்தையும் பார்த்தபின் எழுதினார். ஏழாம் வகுப்புப் பிள்ளையாலும் அது முடியும்.

இன்னொரு சிக்கலைப் பலரும் பேசாமல் தவிர்க்கிறார்கள். ஸ்ரீரங்கம் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் உழுகிறவர் எல்லோரும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தனியார் நிலத்தையும் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துச் செய்பவர்கள் ஏராளம். வாரத்துக்கு உழுகிறவர்களின் பாதுகாப்புக்காக, கையேறுவாரம், மாட்டுவாரம் என்ற முறைகள் குறித்துத் திருச்சி மாவட்டத்துக்கென்றே 1958-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்த ஊர் இது. சுற்றுலாவால் நிலத்துக்கு மதிப்பு ஏறினால் முதலில் ஆபத்து வருவது இவர்களுக்குத்தான். ஆற்றங்கரையில் வாழை போட்டவரைக் கிளப்பிவிட்டு அங்கே குடில் போடுவது நில உரிமையாளருக்கு லாபமாகத் தோன்றும் நாள் தொலைவில் இல்லை. அப்படி நடந்தால், பார்க்க வந்தவர்களுக்காக, பார்க்கப்பட வேண்டியவரே வெளியேற்றப்பட்டிருப்பார்.

ஆகவே திருச்சி மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். வயலைக் காட்டும் எந்தத் திட்டம் மேசைக்கு வந்தாலும், கட்டணத்தில் உழுகிறவர் பங்கு எவ்வளவு என்பது அதில் ரூபாயில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குத்தகைதாரர் இருந்தால் அவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். வருகிறவருக்கு வழிகாட்டும் வேலையை விடுதி ஊழியருக்குக் கொடுக்காமல், அந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிறவருக்கும் ஓய்வு பெற்ற லஸ்கருக்கும் கூலியோடு கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது.